அறுபத்து நாலு மெகாபைட் புறம்போக்கு

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி.
ஆறு மணிக்கு ஏசி நின்றுவிடும்.
அதற்குப் பிறகு இங்கே மூன்று பேர்:
நான், நூர் ஹஃபிஸா,
துவாஸிலிருந்து கழற்றி வந்த ஒரு கேமரா.

பாரந்தூக்கியின் தோளில் உட்கார்ந்து
பெட்டிகளின் எண்ணைப் படிக்க வேண்டிய கேமரா அது.
படிக்கத்தான் செய்கிறது,
போய்விட்ட பெட்டியின் எண்ணை.
ஹஃபிஸா தன் மகனின் பொம்மை லாரியை
வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.
சிவப்புப் பெட்டியை எடுத்து நீலத்தை வைக்கிறாள்,
மார்க்கரால் எண் எழுதி.
திரையில் இன்னும் சிவப்பு.

போர்டு கண் விழிக்கும் முதல் நொடியிலேயே
கர்னலிடம் சொல்லிவிடுகிறோம்:
கடைசி அறுபத்து நாலு மெகாபைட்டை
நீ எண்ணாதே, தொடாதே, யாருக்கும் பங்கு போடாதே.
அது புறம்போக்கு.
கேமரா தன் படங்களை நேரே அங்கே கொட்டும்,
உன்னைக் கேட்காமல்.

மதியம் உணவங்காடியில்
ஒரு மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது.
தட்டோடு முப்பது பேர் சுற்றினார்கள்,
ஒருவரும் உட்காரவில்லை.
இந்த ஊரில் அதற்கு சோப் என்று பெயர்,
குளிக்கிற சோப் அல்ல.
"நாம் கர்னலுக்குக் கொடுத்ததும் இதுதான்,"
என்றாள் ஹஃபிஸா, "நாலு வரி.
பூட்டுமில்லை, வேலியுமில்லை."

ஒதுக்குவது.
இந்தச் சொல்லை இப்போதுதான் உற்றுப் பார்க்கிறேன்.
இடம் பிடித்து வைப்பதும் அதுதான்,
இடமில்லை என்று தள்ளி வைப்பதும் அதுதான்.
போன மாதம் வாடகை அறை கேட்டு ஃபோன் செய்தேன்.
என் பெயரைக் கேட்டதும்
"அறை போய்விட்டது" என்றார் ஏஜெண்ட்.
விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

என் நிரலுக்கு நிஜ முகவரி ஒன்றும் தெரியாது.
அது குடியிருப்பது கற்பனை எண்களில்.
டிரைவரின் கதவைத் தட்டிக் கேட்கும்.
டிரைவர் பக்க அட்டவணையைத் திறந்து
பட்டா எழுதிக் கொடுக்கும்:
இந்தப் பொய் எண்ணுக்கு அந்த மெய் நிலம்.
பக்கத்துக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்,
பக்கம் பக்கமாக,
ஒரு பிரதியும் எடுக்காமல்,
ஒரு பிடி மணலும் நகர்த்தாமல்.
துவாஸில் இது தலைகீழ்,
அங்கே வரைபடம் முதலில், மண் பிறகு.

பட்டாவைச் சரிபார்த்தோம். சரி.
எல்லையைச் சரிபார்த்தோம். சரி.
கர்னலுக்குள்ளிருந்து பார்த்தால் நீலம்.
அதே நிலத்தை என் நிரல் பார்த்தால் சிவப்பு.
கடைசி ரயில் போய்விட்டது.
ஹஃபிஸா வீட்டுக்கு ஃபோன் செய்து
பொம்மை நாளைக்கு வரும் என்றாள்.

பன்னிரண்டரைக்குப் பிடிபட்டது.
நடுவில் ஒரு கேஷ்.
ஒரு முறை பார்த்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு,
மறுபடி எதற்கு அவ்வளவு தூரம் என்று
அதையே எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறது.
கெட்ட எண்ணமில்லை.
சீக்கிரம் பதில் சொல்ல நினைப்பவர்கள் செய்வதுதான்.
அந்த ஏஜெண்டும்
என் பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே
பையைத் தடவியிருப்பார்.
யாருடைய படமோ இருந்திருக்கிறது அதில்.

திருத்தம் ஒரே வரி.
இந்தப் பக்கங்களை ஞாபகத்தில் வைக்காதே,
ஒவ்வொரு முறையும் போய்ப் பார்.
"மெதுவாகிவிடுமே," என்றாள் ஹஃபிஸா.
ஆகட்டும்.

நீலம் வந்தது.
பொம்மையின் ஓரத்தில் இருந்த பல் தடம்கூடத் தெரிந்தது.
எண்ணின் கடைசியில் மட்டும்
ஹஃபிஸா எழுதிய எட்டை
மூன்று என்று படித்தது.
அது வேறு பிழை.
விளக்கை அணைத்தோம்.