தீக்காவல்

ருவைஸில் என் வேலை
தீயைப் பார்த்துக்கொண்டிருப்பது.
பற்றவைப்பவன் வேறு, வெட்டுபவன் வேறு.
பொறி எங்கே விழுகிறதென்று பார்ப்பவன் நான்.
சிவப்பு உருளை ஒன்று, ஒரு வாளி மணல்,
கழுத்தில் விசில்.

இங்கே எந்தத் தீக்கும் பெர்மிட் வேண்டும்.
யார் கேட்டது, எதற்கு, எத்தனை மணி வரை.
மிஞ்சிப்போனால் மாலை ஆறு.
அதற்கு மேலும் எரிய வேண்டுமென்றால்
மறுபடி ஒரு தாள்,
மறுபடி ஒரு கையெழுத்து.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு.
வாடகைக் கூடத்தில் பத்தரை வரை தமிழ்;
பத்தரைக்குத் தெலுங்குக்காரர்கள்
வாசலில் வந்து நின்றுவிடுவார்கள்.
போதகர் பாக்கியநாதன் அன்று நரகத்தை எடுத்தார்.
அவியாத அக்கினி. கந்தகக் கடல்.
முடிவே கிடையாது, முடிவே கிடையாது என்று
மேசையைத் தட்டினார்.
ஏசி குளிரில் எனக்கு முழங்கால் நடுங்கியது.

கந்தகம் எனக்குத் தெரியும், பாஸ்டர்.
எங்கள் வேலிக்கு மேற்கே
மஞ்சள் மலையாய்க் கிடக்கிறது.
கப்பலேறிப் போய்
எங்கேயோ யாருடைய சோளத்துக்கோ உரமாகிறது.

கைகுலுக்கும் வரிசையில்
லோக்நாத்துக்காக ஜெபிக்கச் சொன்னேன்.
லோக்நாத் கடேல், கோர்க்காக்காரன், எனக்கு மேல் கட்டில்.
செவ்வாய் இரவு மாவு பிசைந்து
ஈரத்துணி மூடிவைத்துவிட்டுப் படுத்தான்.
புதன்கிழமை மாவு புளித்திருந்தது.
அவன் எழவில்லை.

"இரட்சிக்கப்பட்டவரா?" என்று கேட்டார்.
கருணையாகத்தான் கேட்டார்.
அதுதான் தைத்தது.

போன ஆகஸ்டில் ஒரு நாள் சைரன்.
கூடுமிடத்துக்கு ஓடினோம்.
உள்ளே போனவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு,
வந்து நின்றவர்கள் முந்நூற்றுப் பதினொன்று.
நாற்பத்தேழு டிகிரி.
எண்ணிக்கை சரியாகாமல் இது முடியாது என்றான்
பாதுகாப்பு அதிகாரி, அந்த ஜோர்டான்காரன்.
காணாமற்போனவனை ஆறு மொழியில் திட்டினோம்.
லோக்நாத்தான்!
கன்டெய்னர் நிழலில் தூங்கிப்போயிருந்தான்,
கன்னத்தில் சரளைக்கல் அச்சோடு வந்தான்.
அதிகாரி அவனை ஒன்றும் சொல்லவில்லை,
தோளைத் தொட்டு எண்ணினான்: பன்னிரண்டு.
பிறகுதான் சைரன் ஓய்ந்தது.
ஞானஸ்நானம் எடுத்தவனா என்று
யாருமே கேட்கவில்லை.

இதையெல்லாம் போதகரிடம் சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை.
எனக்கும் ஒருத்தன் உண்டு.
மார்த்தாண்டத்து ஏஜென்ட் வில்பிரட்.
எலக்ட்ரீசியன் வேலை என்று
இரண்டே கால் லட்சம் வாங்கிக்கொண்டு
வாளியைக் கொடுத்தவன்.
அவன் இரட்சிக்கப்பட்டவன்தான்,
தசமபாகம் ஒருமாதம் தவறியதில்லை.
எத்தனையோ இரவு படுத்தபடியே
அவனுக்கொரு பெர்மிட் எழுதியிருக்கிறேன்.
வேலை: எரித்தல்.
இடம்: வில்பிரட்.
கால அளவு என்ற கட்டம் சின்னது,
'என்றென்றைக்கும்' அதில் அடங்கவில்லை.
ஆறு மணி வரை என்று போட்டேன்.
மறுநாள் புதுப்பித்தேன். அதற்கு மறுநாளும்.
அந்தத் தீக்கும் காவல் நான்தானே,
பக்கத்திலேயே உட்கார்ந்து
அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
பத்தொன்பதாம் நாள்
தண்ணீர் கேட்டான்.
என் வாளியில் மணல்தான் இருந்தது.

இருபதாம் நாளுக்கான தாள்
இன்னும் கையெழுத்தாகாமல் கிடக்கிறது.
கிழித்தும் போடவில்லை, பொய் எதற்கு.

வெல்டர் போன பிறகும் அரை மணி நேரம்
தீக்காவலன் நகரக்கூடாது. விதி.
அணைந்ததுபோல் இருக்கும்,
உள்ளே எங்கேயாவது கனன்றுகொண்டிருக்கும்.
யாருமில்லாத மேடையில்
புறங்கையை இரும்பின் அருகே கொண்டுபோகிறேன்.
இன்னும் கொஞ்சம் சூடு.
இன்னும் கொஞ்சம் உட்காரலாம்.

ஃபிளேர் வெளிச்சத்தில்
கேட்டுக்கு வெளியே பஸ் தெரிகிறது.
தலை எண்ணுகிறார்கள்.
ஒன்று குறைகிறது.
டிரைவர் ஹாரன் அடிக்கிறான், திட்டுகிறான்,
மறுபடி அடிக்கிறான்.
பஸ் கிளம்பவில்லை.