பாதையில் ஏறிய கதிரைகள்

எண்பத்தொரு கதிரை இருந்தது சபையில்.
பிரிந்து போனவர்கள் நாற்பதை எடுத்தார்கள்.
மிஞ்சிய ஒன்று எங்கள் பக்கம் வந்ததில்
அன்றிரவு எனக்கொரு சின்னச் சந்தோஷம் இருந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

முதுகில் பெயர் எழுதியவன் நான்தான்.
கறுப்புப் பெயின்ற், அரை அங்குலத் தூரிகை.
அவர்கள் அதைத் தின்னரால் துடைத்து
புதுப் பெயரைச் சிவப்பில் எழுதினார்கள்.
நல்ல எழுத்து. பேரின்பத்தின் கை.
ஓய்வுநாள் பாடசாலையில்
என்னுடைய பென்சிலைக் கடன் வாங்கிய கை.

எதற்காகப் பிரிந்தோம்?
ஆளுக்கொன்று சொல்வார்கள்.
டிரம் அடிக்கலாமா கூடாதா என்பது.
வெள்ள நிவாரணத்தில் குறைந்த மூன்று மூட்டை அரிசி.
அந்நிய பாஷையில் ஜெபித்த ஒரு பெட்டையைப்
போதகர் பாதியில் நிறுத்தியது.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
கணக்குக் கொப்பியை அவன் மேசையில் எறிந்த சத்தம்,
அதைவிடச் சத்தமாய் நான் சொன்ன ஒரு சொல்.
அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன்.

பிறகும் ஆராதனை நடந்தது.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம்
வரிசை வரிசையாய்ப் போய்க் கைகொடுத்தேன்.
குருமண்வெளித் தெருவின் அடுத்த தொங்கலில்
அவர்களும் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.
இரண்டு சமாதானத்துக்கும் நடுவே
ஒரு சைக்கிள் கடை,
ஒரு பிள்ளையார் கோயில்,
யாரும் அள்ளாத ஒரு கிணறு.

தெய்வானை மட்டும் இரண்டு பக்கமும் போனாள்.
இராப்போசனக் கிண்ணங்களைக் கழுவுவது அவள் வேலை.
பெருவிரல் அளவுக் கண்ணாடிகள்;
பெயர் எழுத அவற்றில் இடமில்லை.
எங்களதையும் அவர்களதையும்
ஒரே வாளியில் போட்டுத்தான் கழுவினாளோ
என்று அவள் போன பிறகுதான் யோசித்தேன்.

டெங்கு. ஐந்தே நாள்.
தாய்வீடு வாவிக்கு அங்கால், மண்டூரில்.
பெட்டி காலைப் பாதையில் கடந்து போனது.
கதிரை வேண்டுமென்று அங்கிருந்து வந்த செய்தி
இரண்டு சபைக்கும் தனித்தனியே வந்திருக்கிறது.

துறையில் நான், லாண்ட்மாஸ்டரில் நாற்பத்தொன்றோடு.
பின்னால் இன்னொன்று. நாற்பதோடு பேரின்பம்.
வானம் வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
பாதைக்காரன் லோகிதன் எங்கள் முகத்தையெல்லாம் பார்க்கவில்லை.
"இதுக்குப் பிறகு பாதை ஓடாது கா.
மிசினை விட்டிட்டுக் கதிரையை மட்டும் ஏத்துங்க.
ஒண்டுக்குள்ள ஒண்டை அடுக்கினாத்தான் இடம் காணும்."

அடுக்கினோம்.
கறுப்புக்குள் சிவப்பு, சிவப்புக்குள் கறுப்பு.
நடு வாவியில் வாடைக்காற்று ஏறி
அடுக்கு சரிந்தது.
இந்தப் பக்கம் நான் தோள் கொடுத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ கொடுத்தார்கள்; விழவில்லை.
எவன் கையை எடுத்தாலும் மற்றவன் மேல் விழும்.
கரைவரை அப்படியே நின்றோம்.
கதிரைகளுக்கு அங்கால் இருமல் கேட்டது.
"மருந்து எடுத்தியா?"
"ம்."
பதினொரு மாதத்தில் அவ்வளவுதான் பேச்சு.

அடக்கம் முடிந்து
மண்டூர்ப் பொடியன்கள் கதிரைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.
இங்கே நாற்பத்தொன்று, அங்கே நாற்பது.
எண்ணிக்கை சரி. நிறம்தான் பிழை.
எங்கள் மண்டபத்தில் இப்போது பத்தொன்பது சிவப்பு.
மாற்றி எடுத்துவரக் கமிட்டி என்னிடம் பட்டியல் தந்தது.
சட்டைப் பையிலேயே நனைந்து காய்ந்தது அது.

இந்த ஞாயிறு
தெரிந்தேதான் ஒரு சிவப்பில் போய் இருந்தேன்.
காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது
உறையைக் கதிரையிலேயே வைத்துவிட்டு எழும்பினேன்.
மனைவி கூப்பிட்டாள். திரும்பவில்லை.
கிணற்றடியில் இரண்டு பாட்டும் கேட்டன,
ஒரே பாட்டு,
அவர்கள் அரை அடி பிந்தி.
டிரம் அவ்வளவு மோசமில்லை.

அவர்களுடைய வாசலில் இப்போது நிற்கிறேன்.
கடைசி வரிசையில் ஒன்று வெறுமையாய்க் கிடக்கிறது,
கறுப்பு எழுத்து, என் கோணல் கை.
என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.
ஒரு செருப்பைக் கழற்றியிருக்கிறேன்.