கேட் போட்டிருந்த நேரம்

நீடாமங்கலம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நஸீமா.
இந்தப் பக்கம் என் கடையும்
காலையிலிருந்து நீலத்திரை காட்டி
விழுந்து விழுந்து எழும் கம்ப்யூட்டரும்.
நடுவில் நெல்மூட்டை ஏற்றிய கூட்ஸ்.
எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகிறார்கள்.
"பென்டிரைவ் கொடுத்துட்டுப் போனேன்ல அக்கா,
போன்லயே சொல்றேன், செய்யுங்க."

புதுசாப் போட்டுடு என்று
டீக்கடையில்கூடச் சொல்லிவிட்டார்கள்.
அரை மணியில் துடைத்துவிட்டாற்போல் ஆகுமாம்.
ஆகும்.
என் தமிழ் எழுத்துருவுக்கு சிடி இல்லை,
விற்ற கம்பெனி இல்லை,
சாவி எண் எழுதிய அட்டை
கஜா புயலில் தகரத்தோடு பறந்தது.
அதுவும் போனால்
பதினோரு வருஷத்து மணமக்கள்
அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாய்
உதிர்ந்துவிடுவார்கள்.

ஸ்டூலில் செங்குட்டுவன்.
அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி,
பன்னிரண்டுக்குப் பதினெட்டு, இருநூறு.
நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.
இப்போது பதினொன்றேகால்.

"காப்பி எடுத்து வச்சிட்டீங்களா?"
எடுத்தாச்சு என்றேன்.
ஊர்ப்பெயர் வரிசையில்
அம்மாப்பேட்டையிலிருந்து கொரடாச்சேரி வரை எடுத்திருந்தேன்.
வடுவூரும் வலங்கைமானும்
கடவுள் விட்ட வழி.

"வெளியிலேர்ந்து பூட் பண்ணாதீங்க,
எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிடும்.
அது எழுந்து நிக்கிறப்போ
உள்ளேயிருந்தே செட்டப்பைத் தட்டணும்."
தட்டினேன்.
மூன்று வட்டங்கள் வந்தன.
கோப்புகளும் செயலிகளும் இருக்கட்டும்.
கோப்புகள் மட்டும் இருக்கட்டும்.
எதுவும் வேண்டாம்.
"முதலாவது."
"முதலாவதேதானே?"
"அக்கா. முதலாவது."

இருபது. முப்பத்தொன்று.
அணைந்தது, எழுந்தது, அணைந்தது.
"அது அப்படித்தான். தொடாதீங்க."
தொடாமல் இருப்பதைப் போல் ஒரு வேலையை
இதுவரை நான் பார்த்ததில்லை.

அறுபத்திரண்டில் நின்றுவிட்டது.
கேட் திறந்தது, பஸ்கள் முட்டிக்கொண்டன,
நஸீமாவின் ஸ்கூட்டர் நகர்வதற்குள்
மறுபடி போட்டுவிட்டான்.

செங்குட்டுவன் யாரிடமும் இல்லாமல் பேசினான்.
"எண்பத்தேழோ எட்டோ.
கதிரு பால் பிடிக்கிற நேரம்,
கோரையாத்து ஷட்டர் பலகை பொளந்துடுச்சு.
தண்ணிய நிறுத்திட்டு மாத்துன்னாரு ஆபீசரு.
நிறுத்துனா நாலு ஊரு பதராப் போவும்.
அப்பா மூங்கில் அடிச்சு, மண்மூட்டை போட்டு,
பக்கத்துல தண்ணிய விட்டுக்கிட்டே
பலகைய மாத்துனாரு.
மூணு நாள் இடுப்பளவுத் தண்ணில.
மெமோ கொடுத்தாங்க."
தலையாட்டினேன்.
கண் அறுபத்திரண்டிலேயே இருந்தது.

கரண்டு மங்கியது. யுபிஎஸ் கீச்சிட்டது.
பன்னிரண்டு நிமிஷம் தாங்கும் என்று
விற்றவன் இப்போது திருப்பூரில்.
ஒன்பதாவது நிமிஷம் விளக்கு வந்தது.
அறுபத்து மூன்று.

ஒன்று நாற்பதுக்கு முகப்பு.
வடுவூர் இருந்தது. வலங்கைமான் இருந்தது.
'புதிய கோப்புறை பதினேழு' இருந்தது,
அதில் என்ன என்று இப்போதும் தெரியவில்லை.
குப்பைத்தொட்டியில் எறிந்த
பிழையான விசிட்டிங் கார்டுகூடப்
பத்திரமாய் இருந்தது.
எழுத்துருவைத் திறந்து அடித்தேன்:
வைரக்கண்ணு.
ஒரு சுழி குறையவில்லை.

பிரிண்டரை மட்டும்
யார் இவர் என்று கேட்டது.

அப்போதுதான் நஸீமா வந்தாள்,
ஹெல்மெட் கழற்றாமலே குனிந்து
நாலு நிமிஷத்தில் அறிமுகம் செய்துவைத்தாள்.
பேருக்குக் கீழே என்ன போடுவது என்றேன்.
"லஸ்கர்னு போடுங்க."
ஓய்வு என்று சேர்க்கவா?
வேண்டாம் என்றான்.

மை காயுமுன் வாங்கிக்கொண்டு ஓடினான்.
கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் கிளம்பியது, மறுமுனையில் எஞ்சினோடு,
அதே மூட்டைகளோடு.
பெட்டிகளை எண்ணுவதுபோல்
அவன் நின்றுகொண்டிருந்தான்,
கைக்கிடுக்கில் இருநூறு அப்பாக்களுடன்.