மூணாவது வரிசை, நாலாவது குழி

அத்தாயக்கா மெஸ்ஸில்தான் முதலில் சொன்னார்கள்.
"ஏனுங்க, ஆம்லெட்டுல பெட்ரோல் அடிக்குதுங்க."
முட்டை ஓட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத வாய்கள்.
மோகனூர் ரோட்டில் வழிநெடுக
என் ராஜ்தூத் விட்ட மூச்சை
முந்நூறும் குடித்திருக்கின்றன.
பத்து அட்டையும் திரும்பி வந்தது,
அதே வண்டியில்.

ரவைக்கு எஞ்சினுக்கு அடியில்
காலி முட்டை அட்டை ஒன்றைத் தள்ளி வைத்தேன்.
விடிந்து பார்த்தால்
மூணாவது வரிசையில் நாலாவது குழி மட்டும்
கறுத்து ஊறியிருந்தது.
நேர் மேலே கார்புரேட்டர்.
இவன்தான்.
கழற்றி, மிதவையைக் காதோரம் குலுக்கினேன்;
உள்ளே சத்தமில்லை.
ஊசியின் மூக்கு தேய்ந்திருந்தது,
எழுபது ரூபாய்க்குப் புதுசு.
மறுநாளும் அதே குழி.

டேப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.
மூடினாலும் சொட்டு நிற்கவில்லை.
மேலேயிருந்து வருகிறது, அப்படியானால்.
கார்புரேட்டரிடம் மனசுக்குள்
ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டேன்.
டேப்பின் கார்க் வாசரை மாற்றினேன்,
நூல் சுற்றி இறுக்கினேன், கை வழுக்கி
கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.
அதே குழி.

"ராஜ்தூத்துன்னா ஒழுகத்தான் செய்யும்.
வித்துப்போட்டு மொபெட் வாங்குங்க"
என்றார் மெக்கானிக் வையாபுரி,
டீக் குடித்துக்கொண்டே, எழுந்துகூட வராமல்.

மைனாவதியின் பவுடர் டப்பாவை எடுத்து
டேங்கின் வயிறு முழுக்க அப்பினேன்.
பெட்ரோல் பறந்துவிடும்,
அதில் கலந்த ஆயில் பறக்காது.
ஒரு மணி நேரத்தில்
வெள்ளையில் ஒரு கோடு, எறும்புச் சாரிபோல.
டேப்பில் தொடங்கவில்லை.
டேப் வரைக்கும் வந்து சொட்டுகிறது.
பின்னால் போனால், மேலேறி,
சேஸ் குழாய் மேல் டேங்க் உட்காரும் பள்ளத்தில்
விரல் நுழையாத இடத்தில் மறைந்தது.

"என்ற பவுடரு" என்றாள் முதலில்.
அப்புறம் குனிந்து பார்த்து,
"கழட்டிக் காயப்போடுங்க" என்றாள்.
ஒன்பது வருசமாகப் பண்ணையில்
வெளிச்சப் பெட்டிமேல் முட்டை பார்க்கிறவள்.
நாளைக்கு ஆறாயிரம்.
விரிசல் விட்டதெல்லாம் மலிவு விலையில்
எங்கள் வீட்டுக்கு வரும்.

இரண்டு நாள் பொடக்காலி வெயிலில்
வாயைப் பிளந்து கிடந்தது டேங்க்.
மூன்றாம் நாள், ஒரு துளி வாசமில்லை என்று
இரண்டு பேரும் முகர்ந்து பார்த்தபின்
பேனா டார்ச்சை உள்ளே போட்டு மூடியைத் திருகினாள்.
"கதவச் சாத்துங்க."
இருட்டில் டேங்கை மடியில் கவிழ்த்து
மெதுவாக உருட்டினாள்,
உள்ளே டார்ச் லொடலொடவென்று உருள.
"இங்க."

துருவுக்கு நடுவே
ஊசி முனையளவு வெளிச்சம்.
அவள் பென்சிலால் வட்டம் போட்டாள்,
கழிவு முட்டைக்குப் போடுகிற அதே வட்டம்.

பரமத்தி ரோட்டில் லாரி டேங்க் அடைக்கிற இருசப்பன்
முதலில் தண்ணீர் ரொப்பச் சொன்னார்,
ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரைக்கும்.
"காலி டேங்க்தானுங்க வெடிக்கும்."
துருவைச் சுரண்டச் சுரண்ட
ஒன்று மூன்றானது.
ஈயம் உருகி, மினுங்கி, மங்கி
ஒரு சாம்பல் நிறத் தழும்பானது.
நூற்றைம்பது ரூபாய்.
லாரியென்றால் ஐநூறாம்.

அட்டை இப்போது காய்ந்தே கிடக்கிறது.
காலையில் குனிந்து பார்க்கிற பழக்கம் விடவில்லை.
அத்தாயக்கா ஒவ்வொரு முட்டையாக
முகர்ந்து பார்த்தே வாங்குகிறார்.
திரும்பி வந்த முந்நூறில்
அக்கம்பக்கம் கொடுத்தது போக இன்னும் நாற்பது பாக்கி.
நெம்ப மிளகு போடுகிறாள் மைனாவதி.