ஞாயிற்றுக்கிழமை வாடகை

பருத்திக்காரம்மா என்றுதான் மில் மேனேஜர் சொன்னார்.
பேர் நெர்மீன். ஊர் எகிப்து.
வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டிய பேப்பர்
திங்களுக்குத் தள்ளிப்போக,
நடுவில் கிடந்த ஞாயிறை
என் வண்டியில் ஏற்றிவிட்டார்.
"பழசா எதாச்சும் காட்டு, சென்னியப்பா.
அவங்க ஊரே பழசு. மானத்த வாங்கிராத."

மலை மாதிரி சமாதி பார்த்த கண்ணுக்கு
நான் எதைக் காட்ட?
திருப்பூர் தாண்டும்வரை பனியன் பலகைகள்.
ஊத்துக்குளியில் வெண்ணெய்ப் பலகைகள்.
அங்கே மட்டும் நிறுத்தச் சொல்லி
அரைக் கிலோ வாங்கினார்.

நொய்யல் பாலத்தில் இறங்கிப் பார்த்தோம்.
சாம்பல் தண்ணீர், ஓரத்தில் நுரை.
"நைல் எப்படி?" என்றேன், ஒரு மரியாதைக்கு.
உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.
அதற்கு மேல் ஆற்றைப் பற்றி
நாங்கள் இருவரும் பேசவில்லை.

கொடுமணல்.
மனப்பாடம் செய்த இங்கிலீசை அவிழ்த்தேன்.
சுற்றிலும் கல், நடுவில் குழி,
குழிக்குள் ஆள், ஆளோடு மணி.
ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலே.
"ராஜாவா?"
தெரியாதுங்க.
"பேர்?"
தெரியாதுங்க.
ஒரு வெள்ளாடு கல்வட்டத்துக்குள் போய்
மறுபக்கம் வந்தது.
அவர்கள் ஊரில் பேர் சுவரெல்லாம் இருக்குமாம்,
ஆளைத்தான் திருடன் கொண்டுபோயிருப்பான்.
இங்கே ஆள் இருக்கிறான், பேர் இல்லை.
பேரெல்லாம் பானை ஓட்டில் என்றேன்.
பானையிலா என்று கேட்டுவிட்டு
யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வரும்போது கிளுவை வேலியில் கை பட்டது.
இலையைக் கசக்கி முகர்ந்தவர்
அப்படியே நின்றார்.
"முர்ர்," என்றார்.
முள் குத்திய திட்டு என்று நினைத்தேன்.
போனில் தட்டிக் காட்டினார்: வெள்ளைப்போளம்.
அதற்கு உறவுக்கார வாசம் போல.
தலையிலிருந்து கால்வரை
துணி சுற்றுவதுபோல் கையால் காட்டினார்.
செத்தவருக்குப் பூசுவதாம்.
எங்களுக்கு அது
ஆடு தாண்டாமல் இருக்க.

மத்தியானம் அரிசிம்பருப்பு.
மூன்று தரம் நெய் கேட்டார். கடைக்காரர் நாலு தரம் ஊற்றினார்.

ஈரோட்டு மியூசியத்தில் மின்விசிறி ஓடவில்லை.
கண்ணாடிக்குள் சிவப்பு மணி, துருப்பிடித்த வாள்,
சுவரில் பழைய எழுத்தின் அட்டவணை,
அதன்கீழ் சாவிக்கொத்தோடு பழனாத்தாள்.
நெர்மீன் போனை நீட்டினார்.
"எங்க ஊர் குசைர். செங்கடல் ஓரம்.
மண்ணுக்குள்ள கெடச்ச ஓடு.
உங்க எழுத்துன்னு பள்ளிக்கூடத்தில் சொன்னாங்க."
எல்லாம் தெரிந்த வழிகாட்டி நான்,
ஒரு கோடும் விளங்காமல் நின்றேன்.

பழனாத்தாள் எட்டு வருசமாய்
அந்த அட்டவணைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்.
வேறு என்ன பார்ப்பது?
போனை வாங்கி, சுவரைப் பார்த்து,
போனைப் பார்த்து, விரலால் மெதுவாக:
பா... னை... ஒ... றி.
"ஒறிங்க.
எங்கூட்ல வெங்காயம் அதுலதான் தொங்குது."

உறி என்றால் என்ன என்று
மூன்று பேரும் ஆறு கையால் விளக்கம்.
கயிறு. வளை. விட்டம். மேலே பானை.
"எதுக்கு மேலே?"
பூனைக்கு எட்டாமல் இருக்க.
நெர்மீன் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக் குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள்.
"நாங்க அதைச் சாமின்னு கும்பிட்டோம்!"

எவனோ கடல் தாண்டிப் போனவன்.
ராஜாவை எழுதவில்லை, தெய்வத்தை எழுதவில்லை,
தன் பேரைக்கூட எழுதவில்லை.
சாமி வேறு, சாப்பாடு வேறு என்று
தெளிவாக இருந்திருக்கிறான்.

திரும்பும்போது பெருந்துறைக்கு முன்னாலேயே இருட்டு.
திங்கள் கையெழுத்தாகுமா என்று
நான் கேட்கவில்லை.
வெண்ணெய்ப் பொட்டலத்தை
ஜன்னலுக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டிவிட்டு
"ஒறி," என்றார், றகரத்தை உருட்டி.
வளைவுகளில் அது ஆடியது.
அன்றைக்கு அறுபதைத் தாண்டாமல்
ஓட்டினேன்.