எக்ஸுக்கு ஊர் இல்லை

ஜூன் நாலாம் தேதி இம்தியாஸ் வந்து
பென்டிரைவைச் செருகினார்.
"முப்பது நாள் சும்மா ஓட்டிப் பாருங்க,
பிடிச்சா வாங்குங்க."
முதலாளி முனிரத்தினம் காதில் விழுந்தது
'சும்மா' மட்டும்.

காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலையில்
பெங்களூரா காய் குவிவது நாற்பது நாள்.
குறைகிற பத்து நாளைப் பற்றி
அன்றைக்கு யாரும் பேசவில்லை.

வண்டி எண், எடை, கழிவு, பாக்கித் தொகை,
எல்லாம் ஒரே திரையில்.
ஒவ்வொரு சீட்டின் குறுக்கிலும் சாய்வாக
சாம்பல் எழுத்தில்
மதிப்பீட்டுப் பிரதி.
மத்தூரிலிருந்து வந்தவர்
சீட்டை வெயிலில் தூக்கிப் பார்த்துக் கேட்டார்:
"மதிப்புப் போட்டது காய்க்கா, எனக்கா?"

முப்பத்தோராம் நாள் காலை
பொத்தான்கள் வெளிறிக் கிடந்தன.
பழைய கணக்கைப் பார்க்கலாம்,
தொட முடியாது.
வெளியே டிராக்டர்கள் புறவழிச் சாலை வரைக்கும்.

"தேதியைப் பின்னால தள்ளுக்கா,
என் செல்லுல கேமுக்கு அப்படித்தான்"
என்றான் திம்மராயன்.
ஜூன் பன்னிரண்டுக்குத் தள்ளினேன்.
கடிகாரம் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது என்றது திரை.
கடைசியாக என்னைப் பார்த்த நாளை
எங்கோ எழுதி ஒளித்து வைத்திருக்கிறது.

பக்கத்து லேபிள் மெஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி,
ஜூலை நாலில் கொதித்த கூழை
ஜூன் பன்னிரண்டில் பிறக்க வைத்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு டின்.
தின்னர் தொட்டுத் தொட்டு
சாயங்காலம் வரை துடைத்தோம்.
கார்பன் வைத்துச் சீட்டு எழுதிய என் விரலும்
டின் துடைத்த திம்மராயன் விரலும்
ஒரே நீலம்.

"வருஷா வருஷம் கட்டணுமா?
வாங்கினா வாங்கினதுதானே?"
"வாடகைன்னு நினைச்சுக்கோங்க சார்."
கத்திக்கொண்டேதான் பணம் அனுப்பினார்.

கரண்ட் போய் நெட் செத்திருந்தது.
கீயைப் போனில்தான் வாங்கினேன்.
இருபத்தைந்து எழுத்து, ஐந்தைந்தாக,
ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவில்.
"பி."
"பாலக்கோடு பியா, பர்கூர் பியா?"
"பர்கூர். அடுத்து டி."
"தளியா, தேன்கனிக்கோட்டையா?"
"தேன்கனிக்கோட்டை. ஹெச், ஓசூர்.
யூ, ஊத்தங்கரை."
மாவட்டம் முழுக்கச் சுற்றினோம்.
பதினெட்டாம் எழுத்தில் நின்றார்.
"எக்ஸ்."
"எந்த ஊர்?"
"ஊர் இல்ல மேடம். சும்மா எக்ஸ்."

ஓர் எழுத்து தப்பினாலும் ஏற்காது என்றார்.
அதற்குள்ளேதான் மடித்து வைத்திருக்கிறதாம்
யார் பேருக்கு, எந்தத் தேதி வரை,
எத்தனை கம்ப்யூட்டருக்கு என்று.
கீ புதிதாக எதையும் கொண்டு வருவதில்லை,
பூட்டிய அறைகள் முதல் நாளே
உள்ளே இறங்கிவிட்டன என்றார்.
ஒரு மாதம் அவற்றின் மேல்தான்
தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடித்தேன். பொத்தான்கள் கறுத்தன.
சீட்டின் குறுக்கே இருந்த சாம்பல் எழுத்து போயிற்று.
வரிசையில் முதலாவதாக நின்றவர்
வெறும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நேத்து ஏதோ எழுதியிருந்துச்சே?"

ஆகஸ்ட் நடுவில் ஆலை மூடும்.
எனக்கும் அன்றோடு கணக்கு முடியும்.
"அடுத்த சீசன் பாப்போம்மா" என்பார் முதலாளி,
போன வருடமும் சொன்னதுதான்.
மென்பொருளுக்கு அடுத்த ஜூலை வரை
பணம் கட்டியாகிவிட்டது.
துணி போர்த்திய கம்ப்யூட்டருக்குள்
வாங்கிய நாட்கள் ஒவ்வொன்றாய்க் கழியும்,
ஒரு பழமும் எடை போடாமல்.

கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கிறேன்:
பர்கூர், தேன்கனிக்கோட்டை, ஓசூர்…
பதினெட்டாவதற்கு நேரே
இடம் விட்டிருக்கிறேன்.