விளையாடியோர்: ஏழு

என் கணினியில் பெரிய விளையாட்டுகள் ஏறாது.
மழைத்துளி ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுகிற
ஒரு போரை ஏற்றிப் பார்த்தேன்.
விசிறி அலறியது, மேசை சுட்டது,
வீரன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி
இருபது நிமிடம் நின்றான்.
அணைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.

அதற்குப் பிறகுதான்
பட்டியலின் அடிக்கு இறங்கினேன்,
'மதிப்பிடப் போதிய ஆட்கள் இல்லை'
என்று எழுதியிருக்கும் ஆழத்துக்கு.

பெருங்கப்பல்கள் வந்து நிற்கிற துறைமுகம் இது.
ஆனாலும் திருக்கடலூரில் மீன் வந்திறங்குவது
மணலில் இழுத்தேற்றுகிற தோணிகளில்.
இதை ஹஸ்மீரிடம் சொன்னேன்.
"அக்கா, விளையாட்டப் பத்திச் சொல்லுங்க" என்றான்.

ஹஸ்மீர் சீனக்குடாவில் லொறி நிறுக்கிறவன்.
இரவு வேலை. இரண்டு லொறிக்கு நடுவில் நாற்பது நிமிடம்.
அதற்குள் எங்கெங்கோ கிளறி எடுத்ததைப்
பென்டிரைவில் கொண்டுவருவான்,
கிண்ணியா பஸ்ஸுக்கு முந்தி,
என்.சி. வீதி மருந்துக்கடைக்கு, என் கல்லாவுக்கு,
பனடோல் வாங்க வந்தவன் போல.
அவனுக்கு ஒரே விதி:
"முதல் பத்து நிமிசம் எரிச்சல் வரும். பொறுங்க."

வந்தது, ஓமோம்.
ஒன்றில் நான் உப்புக் கிட்டங்கியின் காவலாளி.
திரை முழுக்க இருட்டு.
காதால் மட்டுமே விளையாட வேண்டும்:
எலி எது, மழை எது, திருடன் எது.
மூன்றாம் இரவு
என் கூரையில் ஓடுவது அணில் இல்லை என்று தெரிந்தது.

இன்னொன்றில்
கொடியில் உடுப்புகள், வரப்போகிற மழை, இரண்டு கைகள்.
அவ்வளவுதான்.
ஒரு கார்த்திகை இரவில் அதை வென்றேன்.
எழும்பி நின்று கத்தினேன்.
வெளியே என் உடுப்பெல்லாம்
நனைந்துகொண்டிருந்தது.

பிறகு, 'படிக்கட்டு'.
செய்தவர் ஒரே ஆள். நாடு குறிப்பிடவில்லை.
விளையாடியோர்: ஏழு.

முதல் அறையில் கேத்தல் கொதிக்கிறது.
அடுப்பை அணைத்தால் கதவு திறக்கும்.
இரண்டாவதில் சுவருக்கு அப்பால் யாரோ இருமுகிறார்கள்,
மேசையில் ஒரு கோப்பை தண்ணீர்.
அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?
சன்னலில், வாசலில், சுவரோரம்,
நான்கு நாள் வைத்து வைத்துப் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் சலித்துப்போய் நானே குடித்தேன்.
இருமல் நின்றது.
இருமியது நான்தான்.
அன்று முழுக்க
மீதிக்காசைப் பிழையாய்க் கொடுத்தேன்.

மூன்றாம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
தெரியாத மொழி. போனை நேரே பிடித்து வாசித்தேன்:
'இந்த அறை இன்னும் கட்டவில்லை.
மகள் பிறந்திருக்கிறாள்.
பிறகு வருகிறேன்.'
கீழே தேதி. பதினொரு வருடம் முந்தியது.

இரவு ஒன்றரைக்கு ஹஸ்மீரை அழைத்தேன்.
பின்னால் லொறி ஒன்று இரைந்தது.
"முடியாததைக் கொண்டுவந்து தந்திருக்கிறாய்."
"தெரியும். நானும் அங்கதான் நிக்கிறேன்."
"எவ்வளவு நாளாய்?"
"ரெண்டு வருசம். இடைக்கிடை போய்ப் பாப்பேன்."
கொஞ்சம் பொறுத்து,
"தட்டிப் பாத்தீங்களா?" என்றான்.

தட்டலாம் என்று எனக்குத் தெரியாது.
தட்டினேன். மரம் ஒலித்தது.
மறுபடி தட்ட, வேறு ஒலி.
இருவரும் எண்ணினோம்,
போனில், லொறிக்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க:
ஒன்பது.
கட்டாத அறையின் கதவுக்கு
ஒன்பது விதமாய்த் தட்டிப் பதிந்து வைத்துவிட்டுப்
பிள்ளையைத் தூக்கப் போயிருக்கிறார் அந்த மனிதர்.
அல்லது அந்தப் பெண்.
அதையும் இதுவரை நான் யோசிக்கவில்லை.

பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பாய் இருக்கும்.

காலையில் கடைக்குப் போனேன்.
ஷட்டரைத் தூக்கு முன், ஏனோ,
ஒருமுறை தட்டினேன்.
படியில் படுத்திருந்த மான் எழும்பி
பழைய மருந்துத் துண்டொன்றை மென்றபடி
பஸ் நிலையப் பக்கம் போனது.